ஆறு வகுத்த கட்டடம்



ஓடும் ஆற்றைப் பார்த்து ஒரு பொதுக் கட்டடத்துக்கு வடிவம் அமைக்க இயலுமா? சேத்தூருக்குத் தெற்கே, நெல்லைக் குறுக்குத்துறையில், அதற்கு விடை கருங்கல்லாய் நிற்கிறது. தாமிரபரணியின் நடுவே அமைந்த முருகன் கோயிலே அது.

ஆற்றங்கரையில் கோயில் எழுப்புதல் நம் நாட்டு வழக்கம். ஆற்றுக்குள்ளேயே எழுப்புதல் பெருந்துணிவு. இங்கே மூலவர் பாறையிலேயே செதுக்கப்பெற்றவர். கரைக்குப் பெயர்க்க வழியில்லை. ஆகவே கட்டியோர் ஆற்றோடு ஓர் உடன்பாடு கண்டனர். வெள்ளம் வந்து மோதும் பக்கத்தைத் தட்டையாக நிறுத்தாமல், படகின் முன்முனைபோல் கூராக்கினர். தட்டைச் சுவர் நீரின் முழு விசையையும் மார்பில் ஏற்க வேண்டும். கூர்முனையோ அதனை இருபாலும் பிரித்து அனுப்பிவிடும். பாலத் தூண்களின் முகப்பைக் கூராக்கும் பொறியியலும் இதுவே.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. நீர் உள்ளே வரக்கூடாதென்று அவர்கள் பிடிவாதம் கொள்ளவில்லை. வெள்ளம் ஏறினால் உற்சவர் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளுவார். மூலவர் நீருக்குள் இருப்பார். 1992 நவம்பரில் அப்படித்தான் நேர்ந்தது. 2023 டிசம்பரிலும் கோயில் மூழ்கியது. நீர் வடிந்தபின் மீண்டும் வழிபாடு நடந்தது.

அதே டிசம்பரில் நெல்லைச் சந்திப்புப் பகுதியையும் வெள்ளம் சூழ்ந்தது. அங்குள்ள புதிய கட்டடங்களுக்கு மேலக்கோயில் என ஒன்று இல்லை.