“பால் இல்லை” என்று சொல்லாதீர்கள்

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியன் கல்வியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ, பிள்ளை பெற்ற தாய் முதல் சில நாட்களில் பால் கொடுக்கப் படும் இடர்ப்பாட்டைப் பற்றிப் பேச வந்துள்ளேன். ஆண்பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். ஆண்பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எடுத்துக்கொண்டேன்.

என் இல்லத்தில் நடந்ததையே முதலில் கூறுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குத் தலைமகன் பிறந்தான். மூன்றாம் நாள் வரை பால் போதிய அளவு சுரந்ததாகத் தெரியவில்லை. குழந்தை இரவெல்லாம் அழுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாம், “இவளுக்குப் பால் இல்லை” என்றே சொல்லிச் சென்றனர். என் துணைவியார் ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பி.ஏ., பி.எட். படித்த நான் செய்தது என்ன? மிதிவண்டியில் கடைவீதிக்கு விரைந்து, பால்மாவு டப்பாவும் புட்டியும் வாங்கி வந்தேன். கடமையைச் செய்துவிட்டதாகப் பெருமையும் கொண்டேன். புட்டியைச் சரிவரக் கொதிக்க வைக்கவில்லை. டப்பா விரைவில் தீர்ந்துவிடுமே என்று மாவை நீர்க்கக் கரைத்தோம். ஒரு திங்களுக்குள் வயிற்றுப்போக்கு கண்டு, ஐந்து நாட்கள் மருத்துவமனையில் கிடந்தோம்.

பிள்ளை பிழைத்தான். அங்கிருந்த செவிலியர் அம்மையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “சார், அம்மாவுக்குப் பால் இல்லாமல் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது” என்றார். பின்னர் அவரே பொறுமையுடன் கற்றுக்கொடுத்தார். சில வாரங்களில் குழந்தை தாய்ப்பாலுக்கே திரும்பினான். அந்த அம்மையாரிடம் கற்றதையும், பின்னர் படித்தும் கேட்டும் அறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சீம்பால். அது மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருக்கும், அளவும் குறைவே. பிறந்த குழவியின் வயிறும் மிகச் சிறியது. ஆதலின் அந்தக் குறைந்த அளவே அதற்குப் போதும். நோயை எதிர்க்கும் ஆற்றல் நிறைந்த அந்தப் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவதும், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று சேனை வைப்பதும் பெரும் பிழை. பிறந்த 1 மணி நேரத்திற்குள் குழந்தையைத் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், தண்ணீரும்கூட, தேவையில்லை.

இறைத்த கிணறு ஊறும் என்பது நம் பழமொழி. தாய்ப்பாலும் அவ்வாறே. குழந்தை சப்பும்போது தாயின் மூளை தூண்டப்பட்டு இரண்டு சுரப்புநீர்கள் வெளிப்படுகின்றன. புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை, இரவிலும், பால் கொடுக்க வேண்டும். புட்டிப்பாலால் வயிறு நிறைந்த குழந்தை மார்பைச் சப்பாது. சப்பாவிடில் சுரப்பும் குறையும். மேலும் அச்சமும் மனவேதனையும் ஆக்சிடோசின் வெளிப்படுவதைத் தடுக்கின்றன. ஆகவே, “பால் இல்லை” என்று ஊரார் சொல்லும் சொல்லே பால் வரும் வழியை அடைக்கிறது!

குழந்தை வாய் வைக்கும் முறையிலேயே பாதி இடர்ப்பாடு உள்ளது. தாய் முதுகுக்கு அணை கொடுத்து அமரட்டும். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேராக, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் அது கவ்வ வேண்டும். நுனியை மட்டும் கவ்வினால் காம்பு வெடித்து வலிக்கும். அப்போது வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து மெல்ல விடுவித்து, மீண்டும் வைக்க வேண்டும். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால், வெதுவெதுப்பான துணியை ஒற்றிச் சிறிது பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். கொடுத்தபின் குளிர்ந்த துணியை வைக்கலாம்.

ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்திற்குள் பிறந்தபோதிருந்த எடையை மீண்டும் எட்டினால், பால் போதுகிறது என்று அறியலாம். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சப்பாமல் சோர்ந்து கிடந்தாலோ, கை கால்கள் வரை மஞ்சள் படர்ந்தாலோ, தாயின் மார்பு சிவந்து காய்ச்சல் கண்டாலோ, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சில தாய்மார்களுக்கு உண்மையிலேயே பால் குறைவதுண்டு. மருத்துவர் சொன்னபடி, தூய்மையாக, பாலாடையில் மாற்றுப்பால் புகட்டுவதில் இழுக்கு ஏதுமில்லை. கடைக்காரர் சொல்லையும் விளம்பரத்தையும் கேட்டு வாங்குவதே தவறு. குழந்தைப் பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது.

இளைஞர்களே! பால் கொடுப்பது தாயின் கடமை. அவளுக்குத் துணை நிற்பது உங்கள் கடமை. பத்தியம் என்ற பேரில் பச்சை உடம்புக்காரியைப் பட்டினி போட விடாதீர்கள். அவள் பால் கொடுக்க அமரும்போதெல்லாம் ஒரு செம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். இரவில் நீங்களும் எழுந்து துணி மாற்றுங்கள். குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து வாருங்கள். குறை சொல்ல வருபவர்களை வாசலிலேயே அன்போடு நிறுத்துங்கள்.

“உங்களுக்குப் படிப்பு வராது” என்று நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டே கரும்பலகையைப் பார்க்க அஞ்சிய பிள்ளைகளை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன். பக்கத்தில் அமர்ந்து கைபிடித்து எழுத வைக்க ஓர் ஆசிரியர் வாய்த்தார், எழுத்து வந்தது. அந்தச் சொல்லைப் பொய்யாக்கவே இக்கழகம் 25 ஆண்டுகள் பாடுபட்டுள்ளது. அத்தகைய கழகத்தின் பிள்ளைகளாகிய நாம், நம் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, “உனக்குப் பால் வராது” என்று சொல்லலாமா? பக்கத்தில் அமருங்கள், பால் வரும்.