பழைய பொம்மை, புதிய குரல்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் குழந்தைகள் கலை மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில், லிஜ்ஜத் அப்பள விளம்பரத்தில் ஒரு முயல் பொம்மை வருமே, நினைவிருக்கிறதா? அதை ஆட்டியவர் மும்பையின் ராம்தாஸ் பாத்யே. இயந்திரப் பொறியியல் படித்தவர். உதடு அசையாமல் பொம்மையைப் பேச வைப்பது அவருடைய தொழில்.

ஆனால் அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் பொம்மை அந்த முயல் அல்ல, அர்தவட்ராவ். அது அவருடைய அப்பா யஷ்வந்த் பாத்யேயின் பொம்மை. ராம்தாஸ் 1967-ல் மேடையேறியபோது, அது ஏற்கெனவே ஊரறிந்த ஆள். புதுப் பொம்மை என்றால் எந்தக் குரலும் கொடுக்கலாம். இதற்கோ, 'அப்பா பேசினது மாதிரி இல்லையே' என்று சொல்ல முன்வரிசையிலேயே ஆள் இருப்பார்கள்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்று இப்போதே பார்த்துவிடலாம். உதட்டை லேசாகத் திறந்து, அசைக்காமல் 'அம்மா' சொல்லுங்கள். 'அப்பா' சொல்லுங்கள். வராது! குழந்தை முதலில் பேசும் இரண்டு சொல்லும் இந்தக் கலைஞர்களுக்குத்தான் சிரமம். 'ம' வரும் இடத்தில் நாக்கால் 'ந' போன்ற ஒலியையும், 'ப' வரும் இடத்தில் 'த' போன்ற ஒலியையும் எழுப்பி நம் காதை ஏமாற்றுகிறார்கள். மேடையில் கடைசி வரிசைக்கு உதடு தெரியாது. டிவி கேமரா முகத்துக்கு நேரே வந்து நிற்குமே!

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. கெர்மிட் என்ற தவளைப் பொம்மையை 1955-ல் உருவாக்கியவர் ஜிம் ஹென்சன். 1990-ல் அவர் இறந்ததும் ஸ்டீவ் விட்மயர் அதைக் கையில் மாட்டிக்கொண்டார். 2017-ல் அது மாட் வோகல் கைக்குப் போனது. விட்மயர் ஏறக்குறைய 27 வருடம் அந்தத் தவளையாகப் பேசினார். தெருவில் போனால் தவளையைத் தெரியும், அவரைத் தெரியாது. எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

நமக்கு இது புதிதல்ல. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். துரியோதனன் வேஷம் கட்டுபவர் மாறினால் முதல் ராத்திரி ஊர் முணுமுணுக்கும். அவர் அடியெடுத்து ஆடி, பாட்டில் நின்றுவிட்டால், விடிவதற்குள் அவர்தான் துரியோதனன். அர்தவட்ராவுக்கும் அப்படித்தான் நடந்தது. இப்போது ராம்தாஸின் மகன் சத்யஜித்தும் இதே கலைக்கு வந்துவிட்டார். அவர் பட்டயக் கணக்காளர்!

நம் பிள்ளைகள் மூன்று வருடமாக ஆட்டும் தாத்தா பொம்மையும் கிளியும் சங்க அறை அலமாரியில் இருக்கின்றன. ஆட்டிய இருவரும் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. அடுத்து எடுக்க விரும்பும் சிறுவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். பெரியவர்கள், முதல் நாள் 'பழைய குரல் இல்லையே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.