குள்ள மரமும் கவாத்துக் கத்தியும்

(நீலகிரி மலையில் தேயிலை விவசாயிகளும் மகளிர் குழுவினரும் கூடிய பயிற்சி வகுப்பின் தொடக்கத்தில், வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



தொட்டியில் குள்ள மரம் வளர்க்கும் கலையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தவுடன், உங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை புரிந்ததைக் கவனித்தோம். அது இயல்பே. குடிநீர், சாலை, பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை என்று எத்தனையோ காரியங்கள் காத்திருக்கையில், இது ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கல்லவா என்று கேட்கத்தான் தோன்றும். அக்கேள்விக்கு விடையை உங்கள் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறோம்.

தேயிலை இயற்கையில் ஒரு மரம். கத்தி படாமல் விட்டுவிட்டால், அஸ்ஸாம் வகைத் தேயிலை முப்பது அடிக்கும் மேலாக ஓங்கி நிற்கும். பாட்டன் காலத்தில் நட்டதை இடுப்பளவு உயரத்திலேயே நிறுத்தி, மேசைபோல் பரப்பி, ஆண்டுதோறும் இளங்கொழுந்து கொடுக்கச் செய்வது கவாத்து. நூறு வயதைக் கடந்த தூர்கள் நம் மலையில் இன்றும் கொழுந்து தருகின்றன. ஆகவே, மரத்தைக் கொல்லாமல் குறுக்கி, முதுமையிலும் இளமை குன்றாமல் வைத்திருக்கும் வித்தை இந்த மலைக்குப் புதிதன்று. ஜப்பானியர் போன்சாய் என்று வழங்கும் கலையின் பாதியை நீங்கள் பெயர் தெரியாமலே செய்து வருகிறீர்கள்.

போன் என்றால் ஆழமில்லாத தட்டுத் தொட்டி. சாய் என்றால் நடுதல். இக்கலை ஜப்பானில் செழித்ததாயினும் பிறந்த இடம் சீனம். அந்நாட்டு இளவரசர் ஒருவருக்காக 706ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கல்லறையின் சுவரோவியத்தில், சிறு மரங்களோடு கூடிய தட்டை ஏந்திச் செல்லும் பணியாளர் உருவத்தை இன்றும் காணலாம். ஜப்பானில், 1923ஆம் ஆண்டு டோக்கியோ நகரைப் பாழாக்கிய பூகம்பத்திற்குப் பிறகு, அங்கிருந்த குள்ள மரத் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடி வடக்கே ஓமியா என்ற இடத்திற்குக் குடிபெயர்ந்து, 1925ஆம் ஆண்டில் ஒரு கிராமத்தையே உருவாக்கினர். உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அக்கிராமத்தைத் தேடிச் செல்கிறார்கள். ஒரு கிராமம் ஒரு கைத்தொழிலால் பெயர் பெற்ற கதை என்பதால் இதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குச் சொல்கிறோம்.

இன்னொரு மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹிரோஷிமா நகரில் யாமாகி என்னும் குடும்பத்தாரிடம் ஒரு பைன் மரம் இருந்தது. 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்ந்துவந்த மரம் அது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்த இடத்திற்குச் சுமார் இரண்டு மைல் தொலைவில், தோட்டத்துச் சுவரின் மறைவில் இருந்து பிழைத்தது. 1976ஆம் ஆண்டில் அம்மரத்தை, குண்டு போட்ட அமெரிக்காவுக்கே ஜப்பானியர் அன்பளிப்பாகக் கொடுத்தனர். வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் அது இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு நாளும் தவறாமல் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றியதால் அல்லவா அந்த மரம் நானூறு ஆண்டு நின்றது!

இனி வகுப்பைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். நகரங்களில் ஒரே நாளில் முடிந்துவிடும் போன்சாய்ப் பயிற்சிகள் பல நடக்கின்றன. காலையில் விரிவுரை, பிற்பகலில் ஆளுக்கொரு செடி, கம்பி சுற்றிக் காட்டுதல், மாலையில் சான்றிதழ், புகைப்படம். வீட்டிற்குச் சென்ற செடியை வரவேற்பறை அலமாரியில் வைப்பார்கள். வெயிலும் காற்றுமின்றி அது வாடும். அவிழ்க்க மறந்த கம்பி பட்டையில் பதிந்து தழும்பாகும். மூன்று மாதத்தில் செடி போய்விடும். சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கும். இத்தகைய பயிற்சிக்குப் பணம் செலவிடுவதை நாம் ஆதரிக்கவில்லை. தண்ணீர் ஊற்றக் கற்க மூன்று ஆண்டு என்பது ஜப்பானியத் தோட்டக்காரர்களின் வழக்கு. மூன்று ஆண்டு நம்மால் இயலாவிட்டாலும், ஓராண்டின் நான்கு பருவங்களையும் ஒரு செடியோடு கழிக்காமல் இதைக் கற்க முடியாது. ஆகையால் இவ்வகுப்பு மாதம் ஒரு முறை, அரை நாள், ஓராண்டுக்கு நடைபெறும்.

ஆசிரியர் யார்? தோட்டக்கலைத் துறையினர் வருவார்கள். குன்னூரிலுள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தின் உதவியையும் நாடலாம். ஆனால் முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஹட்டியில் தம் நிலத்தைத் தாமே கவாத்து செய்து பழகிய பெரியவர்கள், எஸ்டேட்டில் கவாத்துக் கத்தி பிடித்து ஓய்வு பெற்றவர்கள், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து டான்டீ தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் மூத்தவர்கள் ஆகியோரைத்தான் குறிப்பிடுகிறோம். இவர்களிடம் உள்ள கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் முழுமையாக ஏறவில்லை. இவர்களுடைய பிள்ளைகளில் பலர் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் சென்றுவிட்டார்கள். கவாத்துக்கு இயந்திரமும் வந்துவிட்டது. இயந்திரம் மட்டமாக வெட்டும். எந்தக் கிளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பார்க்கும் கண் அதற்கு இல்லை. அந்தக் கண் உள்ளவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் கவாத்துக் கூலிக்குக் குறையாத மதிப்பூதியமும், ஆசிரியர் என்ற மரியாதையும் அளிப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

அவர்கள் சொல்லித் தருவது என்ன என்று சற்று விவரிப்போம். கவாத்துக்கு முன் செடியின் வேரைப் பார்க்க வேண்டும். வேரில் மாவுச்சத்து சேர்ந்திருந்தால்தான், இலையெல்லாம் இழந்த செடி மீண்டும் துளிர்க்கும். பென்சில் பருமனுள்ள வேரை வெட்டி அயோடின் கரைசலில் நனைத்தால், மாவுச்சத்து உள்ள வேர் கருநீலமாக மாறும். நிறம் வெளிறியிருந்தால், சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடிக்கு ஓய்வு கொடுத்துப் பிறகு வெட்ட வேண்டும். அனுபவசாலிகள் செடியின் தோற்றத்திலேயே இதை ஒருவாறு கணித்துவிடுவர். எனினும் அயோடின் சோதனை மலிவானது, சந்தேகத்தைத் தீர்ப்பது. மூப்படைந்த செடியைப் புதுப்பிக்கத் தரையிலிருந்து ஓரடிக்கும் கீழே வெட்டுவதுண்டு. சாதாரண மேல் கவாத்து இரண்டடி அளவில் நிற்கும். எவ்வளவு தாழ வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு வேரில் இருப்பு வேண்டும். வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் இருந்தால் மழைநீர் தங்காது. கிழிந்த வெட்டில் பூஞ்சணம் ஏறும். உள்ளே மரம் உளுக்கும். பெரிய காயத்திற்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசுவர். அவசரக் கவாத்தில் சிதைந்த தூர், அடுத்த கவாத்து வரும்வரை, அதாவது நான்கைந்து ஆண்டுகள், குறைந்த கொழுந்தையே தரும். ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இது வீட்டுச் செலவைத் தொடும் விஷயம்.

குள்ள மரத்திற்கும் இவை அனைத்தும் பொருந்தும். புதிதாகக் கற்க வேண்டியது மண்ணுக்குக் கீழேயும் வெட்டுவது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்ப்பந்தின் ஓரத்தைக் குறைத்து, புது மண்ணில் வைக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே தொட்டியில் இட்டால், வடகிழக்குப் பருவமழையில் சேறாகி வேர் அழுகும். மண்ணைச் சலித்துப் பொடியை நீக்கி, பருமணலும் செங்கல் சில்லும் இலைமக்கும் கலந்தால் நீர் வடியும். தேயிலை, கமேலியா, அசேலியா ஆகியவை புளிப்பு மண்ணை விரும்புபவை. ஆதலால் சுண்ணாம்பு சேரக்கூடாது, மழைநீரே சிறந்தது. கிளைகளை வளைக்க அலுமினியக் கம்பி போதும். வளர்ச்சிப் பருவத்தில் வாரந்தோறும் பார்த்து, பட்டையில் பதியுமுன் வெட்டி எடுத்துவிட வேண்டும். சுற்றிக் கழற்ற முயன்றால் கிளை முறியும். தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும்போது, தொட்டிகளை இரவில் கூரைக்குக் கீழ் வைக்க வேண்டும். வீட்டிற்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

எந்தச் செடியில் தொடங்குவது என்று கேட்பீர்கள். மறுநடவுக்காகத் தோண்டப்படும் பழைய தேயிலைத் தூர்களைப் பாருங்கள். இப்போது அவை விறகாகின்றன. சில, கண்ணாடி மேசைக்குக் காலாகி, சுற்றுலாப் பயணிகளின் கடைகளுக்குப் போகின்றன. ஐம்பது ஆண்டில் முறுக்கேறிய அந்த அடிமரம், ஜப்பானியத் தோட்டக்காரனுக்குக் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அத்தகைய தூரை ஓரடிக்குக் கீழே வெட்டி, துளிர் வந்தபின், சல்லி வேர் கெடாமல் மழைத் தொடக்கத்தில் தோண்டி, முதலில் மரப்பெட்டியில் வைத்துத் தேற்ற வேண்டும். எல்லாம் பிழைக்காது, பிழைத்ததை இரண்டாண்டு கழித்துத் தட்டுக்கு மாற்றலாம். விலையுயர்ந்த பீங்கான் தொட்டிகளை இப்போதே வாங்கிச் சேர்க்காதீர்கள். அதற்காகக் குழுவில் கடன் எடுப்பது கூடவே கூடாது. சில்வர் ஓக் பலகையில் அடித்த பெட்டியே போதும்.

இங்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. சோலைக்காட்டில், காற்றில் வளைந்து குறுகிய மரங்களும், காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரானும் கண்ணைக் கவரும். அவற்றில் ஒரு கன்றைக்கூடத் தோண்டி வரக்கூடாது. அது சட்டப்படி குற்றம். மேலும், நம் ஓடைகளுக்கு நீர் தருவது அந்தச் சோலைகளே. இவ்வகுப்பில் காட்டுச் செடிக்கு இடமில்லை.

வீட்டில் குள்ள மரம் வைத்தால் குடும்பம் வளராது என்று சிலர் அஞ்சுகிறார்கள். மலையெங்கும் குள்ளமாக்கி வைத்த தேயிலைதானே இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!

வருமானம் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். நல்ல போன்சாய் விற்பனைக்குத் தயாராகப் பல ஆண்டுகள் ஆகும். ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று சொல்லிச் செடியும் தொட்டியும் விற்க வருபவர்களை நம்பவேண்டாம். பதியன், நாற்று, இரண்டு மூன்று ஆண்டு பழக்கிய இளஞ்செடி ஆகியவற்றை, மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக்காக உதகைக்குப் பெருந்திரளாக வருவோரிடம் விற்கும் வாய்ப்பு மகளிர் குழுக்களுக்கு உண்டு. அது சிறு வருமானம். உறுதியான லாபம் தேயிலை நிலத்தில்தான்: ஒரு தொட்டிச் செடியை ஓராண்டு உற்றுப் பார்த்த கை, தோட்டத்தில் கத்தியை அலட்சியமாக வீசாது. கொழுந்து பறிப்பது பெண்கள், கவாத்து செய்வது ஆண்கள் என்ற பழைய பாகுபாட்டால், செடியை அன்றாடம் தொடும் தாய்மார்கள் கத்தியைத் தொடாமலே இருந்துவிட்டார்கள். இவ்வகுப்பில் பாதி இடம் அவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

ஓர் ஊருக்கு இருபது பேர் போதும்; அதற்கு மேல் சேர்ந்தால் ஆசிரியரின் கையை எல்லோரும் பார்க்க முடியாது. பெயர் கொடுக்க விரும்புவோர் பஞ்சாயத்து அலுவலகத்திலுள்ள ஏட்டில் பதிவு செய்யலாம். ஊரில் கவாத்து அறிந்த மூத்தவர்களின் பெயர்களையும் அதே ஏட்டில் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அப்பட்டியலைப் படித்து, ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்போம். முதல் வகுப்பு கவாத்துப் பருவமான ஏப்ரலில், தேயிலை நிலத்திலேயே நடைபெறும். வருவோர் தீட்டிய கவாத்துக் கத்தி அல்லது கத்தரிக்கோல், ஒரு சாக்கு, மண் சலிக்கும் சல்லடை ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். அயோடின் கரைசலை நாங்கள் எடுத்து வருகிறோம்.