போகிக்கு எரிக்க வேண்டாம்... மாத்திக்கலாம் வாங்க!



உங்க வீட்டுப் பரணை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. கல்யாணத்துக்கு வந்த மூணாவது ஹாட்பாக்ஸ், பிள்ளை வளர்ந்ததும் ஓரங்கட்டின மூணு சக்கர சைக்கிள், பெட்டியே பிரிக்காத டின்னர் செட். தூக்கிப் போட மனசு வராது. வெச்சுக்க இடமும் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருத்தர் அதையே கடையில் விலை கேட்டுக்கொண்டு நிற்பார்.

பழைய பொருட்கள் மொட்டை மாடியில் கிடந்தால் மழைநீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர ஏறக்குறைய ஒரு வாரமே போதும். போகியன்று எரித்தாலோ புகை. 2018 போகி காலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதும், சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டதும் நினைவிருக்கும். அந்தப் புகையில் முதலில் திணறுவது ஆஸ்துமா உள்ள நம்ம வீட்டுக் குழந்தைகளும் பெரியவர்களும்தான்.

அதனால், பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்க குடியிருப்பிலோ தெருவிலோ 'பொருள் பரிமாற்ற நாள்' நடத்துங்க. அஞ்சாறு பேர் சேர்ந்தால் போதும்.

முதலில் வாட்ஸ்அப் குழுவில் தேதி, இடம், நேரம் சொல்லுங்க. கொண்டு வரும் பொருளைப் படம் எடுத்துப் போடச் சொல்லுங்க. விதி ஒன்றே ஒன்று: உங்க சொந்தக்காரருக்குத் தயங்காமல் கொடுப்பீங்களா? அப்போ கொண்டு வாங்க. துணி துவைத்திருக்கணும், மிக்சி ஓடணும். சோதித்துப் பார்க்க மேசையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வையுங்க. பழைய ஹெல்மெட், மருந்து மாத்திரை, கேஸ் ரெகுலேட்டர், டியூப் ஆகியவற்றை மட்டும் சேர்க்காதீங்க. பாதுகாப்பு விஷயம்.

போன் கொடுப்பதற்கு முன் சிம், மெமரி கார்டை எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்க. பழைய கைப்பைக்குள் ஆதார் நகல், ரேஷன் கார்டு இருக்கான்னு பாருங்க.

அடுத்தது டோக்கன். ஒரு பொருளுக்கு ஒரு டோக்கன். அதைக் கொடுத்து வேறொரு பொருளை எடுத்துக்கலாம். ஆனால் கொண்டு வர எதுவுமே இல்லாதவங்க? வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்? உண்மையில் தேவை அதிகம் அவங்களுக்குத்தான். "வேணும்னா எடுத்துக்கோ" என்று எல்லார் முன்னாடியும் சொன்னால் கூசிப்போய் ஒதுங்கிடுவாங்க. அதனால் வாசலிலேயே, வர்ற எல்லாருக்கும் இரண்டு டோக்கன் கொடுத்துடுங்க. யார் என்ன கொண்டு வந்தாங்கன்னு யாரும் கேட்க வேண்டாம். அப்போ அங்கே கொடுப்பவர், வாங்குபவர் என்ற வித்தியாசமே இருக்காது. முடிந்தபின் மிஞ்சியதை அவங்க கையில் திணிக்கிற வழக்கமும் வேண்டாம். முதல் ஆளாக வந்து தேர்ந்தெடுக்கட்டும்.

மிஞ்சும் பொருட்களை அன்றைக்கே பிரித்து அனுப்புங்க. நல்ல பொருட்களை உள்ளாட்சி அமைப்பின் மறுபயன்பாட்டு மையத்தில் கொடுக்கலாம். உங்க பகுதியில் எங்கே இருக்குன்னு வார்டு அலுவலகத்தில் கேளுங்க. சென்னையில் இருப்பவர்கள் 1913-க்கு அழைத்து விசாரிக்கலாம். ஓடாத மின்சாதனங்களைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்க.

இந்த வாரமே பரணில் ஏறி, மூணே மூணு பொருளை எடுத்துத் துடைத்து வையுங்க. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்களும் வர்றீங்களா?" என்று கேளுங்க. இந்தப் போகிக்கு உங்க தெருவில் புகை இல்லாமல் விடியட்டும்.