ஐந்தாம் நாள் அல்ல, முதல் நாளே கேளுங்கள்
(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)

பேசப்போகும் விஷயத்தைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு வரும் மலச்சிக்கலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தார். வலிக்கு டிரமடால், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை, கூடவே கால்சியம். பிரஷர், சுகர், சாப்பாடு எல்லாம் நோட்டில் எழுதினேன். வயிறு போனதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வங்கியில் லெட்ஜர் எழுதியவன், வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் தண்ணீராகப் போனது. பேதி என்று நினைத்து, அதை நிறுத்த மாத்திரை கொடுத்தேன். கெட்டிப்பட்ட மலம் அடைத்து நிற்க, அதன் ஓரமாகக் கசிந்த நீர்தான் அது என்று பிறகு டாக்டர் சொன்னார். அம்மா பட்ட வேதனையில் என் பங்கும் உண்டு.

யாருக்கு மலச்சிக்கல் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட, செவிலியர்களுக்கென்று படிவங்களே இருக்கின்றன. வீட்டில் நாம் கேட்க வேண்டியவை இவை:

1. எழுந்து நடமாட முடிகிறதா?
2. தண்ணீர் போதுமா? ராத்திரி எழுந்தால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று பெரியவர்கள் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள்.
3. காய், கீரை, பழம் உள்ளே போகிறதா?
4. மாத்திரைகள் என்னென்ன? டிரமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்து, இரும்புச்சத்து, சில பிரஷர் மாத்திரைகள் எல்லாம் மலத்தை இறுக்கும்.
5. சர்க்கரை, தைராய்டு, பார்க்கின்சன் உண்டா?
6. கழிப்பறைக்குப் போக வசதியும் மறைவும் உண்டா? ஹாலில் கட்டிலைப் போட்டு, வருகிறவர் போகிறவர் நடுவே பெட்பேன் வைத்தால் யாருக்கும் வராது.

இரண்டு மூன்றுக்குப் பதில் சரியில்லை என்றால், காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மார்ஃபின் வகை மருந்து தொடங்கும்போதே மலமிளக்கியும் சேர்த்துத் தருவது மருத்துவர்களின் வழக்கம். எழுதித் தரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். இசப்கோல்தானே என்று நாமாகக் கொடுக்கவும் வேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அதுவே அடைத்துக்கொள்ளும்.

நோட்டில் தேதி போட்டு ஒரு பத்தி சேருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்ட அளவுகோலில் 7 வகைகள் உண்டு. ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தால் 1, கட்டிகட்டியாக இருந்தால் 2, இரண்டும் சிக்கல். 3, 4 நல்லது. 7 வெறும் நீர். ஆனால் பல நாள் போகாமலிருந்து திடீரென்று 7 வந்தால் அதைப் பேதி என்று முடிவு கட்டாதீர்கள். வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைந்தாலும் கவனியுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பிரஷர் பார்க்கும்போது இதையும் சொல்லுங்கள்.

"சாப்பிட்டாயா அம்மா?" என்று தினமும் கேட்கிறோம். "வயிறு போச்சா அம்மா?" என்றும் கேட்போம். கூச்சம் நமக்குத்தான், அவஸ்தை அவர்களுக்கு.