கெட்டால் எப்படிக் கெடும்?

நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் வந்திருக்கிற பெருமக்களே!

'பழைய ஸ்கூட்டரைக் காப்பாற்றுவது கம்பெனி முறையா, பட்டறைக் கைப்பக்குவமா?' இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா எழுந்தார்கள். "பட்டறையில் கியர் பாக்ஸைப் பிரிக்கிறதும், வயிற்றைக் கிழித்துப் பஞ்சை வைத்துத் தைக்கிறதும் ஒன்று" என்று ஒரே போடாகப் போட்டார்கள். அம்மா, பஞ்சு எங்க ராஜபாளையத்துச் சோறு. அதை மட்டும் குறை சொல்லாதீங்க! (சிரிப்பு)

கம்பெனி முறை என்ன? தேய்ந்ததைக் கழற்று, புதுசை மாட்டு. நல்ல முறைதான். ஆனால் புதுசு எங்கேய்யா இருக்கு? 1972-இல் வந்தது பஜாஜ் சேதக். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் புக் பண்ணினவர், வண்டி வந்தபோது பிள்ளையை முன்னால் நிறுத்தித்தான் முதல் சவாரி போனார். (சிரிப்பு) லாம்ப்ரெட்டாவும் விஜய் சூப்பரும் செய்த லக்னோ ஸ்கூட்டர்ஸ் இந்தியா, 1997-இல் ஸ்கூட்டர் செய்வதையே நிறுத்திவிட்டது. சேதக்கும் நின்றுபோய், 2020-இல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. பேர் அதே பேர். ஆனால் மாற்றுகிறதுக்குக் கியர்தான் இல்லை! அப்புறம் எந்தக் கம்பெனியில் போய், எந்தச் சாமானைக் கேட்கிறது?

அதனால்தான் பட்டறை. நூற்பாலை இருக்கிற ஊரில் லேத் பட்டறை இருக்கும். மிஷின் நின்றால் நூல் நிற்கும், நூல் நின்றால் சம்பளம் நிற்கும். பம்பாயிலிருந்து சாமான் வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. கடைந்து போடு, ஓட்டு! அப்படிப் பழகின கைதான் ஸ்கூட்டரையும் தொடுகிறது.

அப்படியானால் அந்தக் கை செய்கிற எல்லாமே சரியா? அதுதான் இல்லை. தீர்ப்புச் சொல்ல ஒரு தராசு வேண்டும். "ஓடுதா?" என்று கேட்பது தராசு ஆகாது. பட்டறை வாசலில் எல்லா வண்டியும் ஓடும்! (சிரிப்பு) நான் கேட்கிற கேள்வி வேறே. 'இது கெட்டால் எப்படிக் கெடும்?'

கியர் பாக்ஸில் எண்ணெய் வடிக்கிற போல்ட் இருக்கு. அலுமினிய உறையில் மரை தேய்ந்துபோச்சு. துளையைப் பெரிசாக்கி, புஷ் கடைந்து இறக்கி, புதுசா மரை போடுகிறார் மெக்கானிக். எந்தப் புத்தகத்தில் இருக்கு? எதிலும் வேண்டாம். நாளைக்கு அது கெட்டால் என்ன ஆகும்? காலையில் எழுந்து பார்த்தால் திண்ணைக்குக் கீழே எண்ணெய் சொட்டியிருக்கும். வீட்டுக்காரி முதலில் சொல்லிவிடுவாள்! (சிரிப்பு) சொல்லிவிட்டுக் கெடுகிற வேலை. அதுக்கு முழு மார்க் போடுங்கள்.

இன்னொன்று. சேதக்கின் பின்சக்கர அச்சுக்குள்ளே, சிலுவை மாதிரி நாலு கை உள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டு நகரும். 'கிராஸ்' என்பார்கள். கைப்பிடியைத் திருகினால் கேபிள் இழுத்து, அது ஒரு கியரை விட்டு இன்னொரு கியரைப் பிடிக்கும். அதன் ஓரம் மழுங்கினால், மேடு ஏறும்போது கியர் நழுவும். சிலர் என்ன செய்கிறார்கள்? அந்த ஓரத்தில் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி மாட்டிவிடுகிறார்கள். வண்டி ஜோராக ஓடும்.

ஆனால் அந்த இரும்புக்கு மேல்தோல்தான் கடினம். கமர்கட்டுக்குள்ளே பால்கோவா வைத்த மாதிரி! வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போச்சு. வைத்த துண்டு பெயர்ந்து பல்லுக்கு நடுவே விழுந்தால், பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தும் பிரயோஜனமில்லை. கிளட்ச் பிரிப்பது எஞ்சினைத்தான், சக்கரத்தை அல்ல. திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை, பின்னால் லாரி, முன்னால் நிற்கிறது பிள்ளை, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள் மனைவி. இது சொல்லாமல் கெடுகிற வேலை. இதுக்கு நான் மார்க் போடமாட்டேன்.

(நடுவர்: என்னங்க, உங்க அணியையே கவுத்துடுறீங்க?)

இல்லை ஐயா! எதைத் தொடலாம் என்று தெரிவது கை. எதைத் தொடக்கூடாது என்று தெரிவதுதான் பக்குவம்! (கைதட்டல்) அந்தப் பக்குவக்காரர் என்ன செய்வார் தெரியுமா? உடைசலுக்குப் போன வண்டியைத் தேடி, மழுங்காத கிராஸை எடுத்து, அளந்து பார்த்து மாட்டுவார். அதுவும் கம்பெனி முறை இல்லை. ஆனால் நம்பி ஏறலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களே, உங்க ஆண்டாள் தேரைப் பாருங்கள். மரச்சக்கரம் போட்டு, முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்பின தேர். இரும்புச் சக்கரம் வைத்தார்கள். அதோடு விட்டார்களா? ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்தார்கள். ஓட வைக்கிறவன் நிறுத்தவும் வழி வைக்கணும். முறை மாறியது, பொறுப்பு மாறவில்லை.

கடைசியாக ஒன்று. சூடிய மாலை பெருமாளுக்கு ஆகாது என்று பெரியாழ்வார் பதறி, புது மாலை கொண்டுபோனார். பெருமாள் என்ன சொன்னார்? ஆண்டாள் சூடியதுதான் வேண்டும் என்றார். முறை மீறின மாலைதான். ஆனால் ஏற்றுக்கொள்கிறவருக்குத் தெரிந்தது, தெரிந்தே கேட்டார். பட்டறைக்கும் அதுதான் நியாயம். தேய்ந்த சாமானைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, இது நம்ம கடைந்து போட்டது, இவ்வளவு தூரத்துக்கு ஒருதரம் காட்டுங்க" என்று சொல்கிற மெக்கானிக், மறைக்கவில்லை. மறைத்துச் செய்தால் கம்பெனி டப்பாவில் வந்தாலும் அது மோசடிதான். டப்பாவில் அச்சடித்த பேரை நம்பி எத்தனை பேர் ஏமாந்தோம்!

நடுவர் அவர்களே, எதிரணி கேட்பது, "புத்தகத்தில் இருக்கா?" நாங்கள் கேட்பது, "கெட்டால் முன்கூட்டிச் சொல்லுமா? செய்தவர் நம்மிடம் சொன்னாரா?" புத்தகம் அச்சிட்டவர் கடையை மூடிவிட்டார். பட்டறை அண்ணாச்சி இன்னும் அதே தெருவில் இருக்கிறார், நாளைக்கும் நம் முகத்தில் விழிக்கவேண்டும். ஆகவே பழைய ஸ்கூட்டரைக் காப்பது பக்குவம் உள்ள கையே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)