முகம் காட்டும் பொறியும் நம் நெஞ்சமும்

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தானே இயங்கும் பொறிகளையும், முகபாவம் காட்டும் றோபோக்களையும் பற்றி இன்று சிறிது சிந்திக்க விரும்புகிறோம். இவை மேல்நாட்டு விந்தைகள் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. நம்மவர் கைக்கும் கோயில் வாசலுக்கும் வந்துவிட்டவை.

2023ஆம் ஆண்டின் இரு செய்திகளை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஆகஸ்ட் 23இல் இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிற்று. திட்ட இயக்குநர் விழுப்புரத்துத் தமிழரான வீரமுத்துவேல். இறுதி நிமிடங்களில் பூமியிலிருந்து எவரும் அதனைச் செலுத்தவில்லை. உயரத்தையும் வேகத்தையும் தானே அளந்து, கமராவால் பள்ளமும் பாறையும் பார்த்து, தக்க இடத்தைத் தேர்ந்து இறங்கியது. ஆயினும் அதற்கு முகமில்லை.

அதே ஆண்டு பெப்ரவரியில், கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு இயந்திர யானையொன்று காணிக்கையாக வந்தது. இரும்புச் சட்டம், இறப்பர்த் தோல், 800 கிலோ எடை. மின்சாரத்தால் கண்ணும் காதும் வாலும் அசையும். விசையை அழுத்தினால் துதிக்கை நீர் தெளிக்கும். உயிர் யானை சங்கிலியில் வாடக்கூடாதென்பதே தந்தவர்களின் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் அந்த யானை தானாக எதையும் அறியாது.

அறியும் ஆற்றலையும் முகபாவத்தையும் ஒன்றாக்க ஆராய்ச்சியாளர் நெடுநாளாக முயல்கின்றனர். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் சிந்தியா பிரசீல் என்னும் அம்மையார் ‘கிஸ்மெற்’ என்ற றோபோவை அமைத்தார். பேசுவோர் குரலில் இருப்பது பாராட்டா, கண்டிப்பா என்று பிரித்தறிந்து, புருவத்தையும் இதழையும் காதையும் அசைத்து அது பதில் காட்டிற்று. அது மகிழ்ந்ததா? இல்லை, கணக்கிட்டது. மகிழ்ந்தவர்கள் எதிரே இருந்த மனிதரே.

ஆகவே, பொறியின் அசைவுக்கு உருகுகின்ற நெஞ்சம் நம்முடையது. அந்த நெஞ்சம் உயிர்களிடத்தில் எப்படி இருக்கிறது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாலமுனை, ஒலுவில் பக்கத்துப் பெரியோர்கள் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை அறிவர். 2022 ஜனவரியில் வெளிவந்த செய்தியின்படி, முந்திய எட்டு ஆண்டுகளில் அங்கே பிளாஸ்டிக் தின்று ஏறக்குறைய 20 யானைகள் மாண்டன. அங்கு கொட்டப்பட்டது ஓர் ஊரின் குப்பையன்று. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என்று எல்லா ஊர்க் குப்பையும் சேர்ந்தது. ஆனைமுகனை முதலில் வணங்கும் நாமும் அதில் பங்குகொண்டோம்.

இளைஞர்களே, பொறியியலைக் கற்றுத் தேறுங்கள். யானை வருவதை முன்னறிந்து உழவனையும் யானையையும் காக்கும் கருவியை உங்களுள் ஒருவர் ஆக்கட்டும். அதற்கு முன், நம் கோயில் அன்னதானம் வாழையிலையில் நடக்கட்டும்; பிளாஸ்டிக் பை வாசலிலேயே நிற்கட்டும். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை.

பொறி அருளைக் கற்றுக்கொள்ளும்வரை காத்திராது, நாம் அதைக் கைக்கொள்வோமாக.